பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவன் எழுதுவது

சிங்கப்பூரில் தமிழ் நிகழ்ச்சிகளை நடத்தும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், ஆலயங்களில் தொண்டூழியர்களை ஒருங்கிணைக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கும், கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குத்தான் உங்களில் யாரையும் தெரியாது. ஆறு ஆண்டுகளாக உங்கள் நிகழ்ச்சிகளில் நாற்காலி அடுக்குகிறேன், பதிவு மேசையில் உட்காருகிறேன், விருந்து முடிந்ததும் மிச்ச பிரியாணியைப் பொட்டலம் கட்டுகிறேன். என்னைப் பற்றி ஒரு பேச்சு உலவுவதும் தெரியும். "பார்த்தும் பார்க்காத மாதிரி போறான்." சென்ற ஏப்ரலில், தமிழ்மொழி விழாவை ஒட்டி நடந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு அந்தப் பேச்சு வாட்ஸ்அப் குழுவுக்கே வந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

நடந்தது இதுதான். பதிவு மேசையில் இருந்தேன். ஓர் அம்மா வந்து நின்றார். "வணக்கங்க, உங்க பேரு? பதிவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்கிறார். பெயர்ப்பட்டியலில் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் எங்கள் பொருளாளர். நான் கொடுக்கும் பில்களுக்கெல்லாம் ஆறு வருஷமாகக் கணக்குத் தீர்ப்பவர். எப்போதும் புடவை, கொண்டை, தங்க விளிம்பு வைத்த மூக்குக்கண்ணாடி. அன்றைக்கு முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல், சுரிதாரில் வந்திருந்தார். எனக்கு அவர் என்றால் புடவை, கொண்டை, கண்ணாடி. மூன்றும் போனபின் எதிரே நின்றது நான் அதுவரை பார்த்தே இராத ஒரு பெண்மணி.

இரவு குழுவில் ஒரு வரி வந்தது. "சிலருக்கு மேசை கிடைத்ததும் ஆள் அடையாளம் மறந்துவிடுகிறது." பக்கத்தில் கூப்பிய கைகள் இரண்டு. யார் எழுதினார்கள் என்பது முக்கியமில்லை. அப்போது பதில் எழுத எனக்கு வாய் வரவில்லை.

இப்போது எழுதுகிறேன். எனக்கு முகங்களை அடையாளம் காணும் திறன் கிடையாது. மூளை சம்பந்தப்பட்ட விஷயம். மருத்துவர்கள் இதைப் புரோசோபக்னோசியா என்கிறார்கள். முகம் என்பதற்கும் அறியாமை என்பதற்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1947-இல் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் வைத்த பெயர். போரில் தலையில் காயம்பட்ட வீரர்கள் நெருங்கியவர்களின் முகங்களைக்கூட அடையாளம் தெரியாமல் விழித்ததைக் கவனித்து எழுதினார். நான் தமிழில் முகமறியாமை என்று சொல்லிக்கொள்கிறேன். முக மறதி என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. மறப்பதற்கு முதலில் மனத்தில் பதிய வேண்டுமே. என் ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது. பொருளாளர் அக்காவின் கார் எண்கூட எனக்கு மனப்பாடம்.

பார்வைக் கோளாறும் இல்லை. உங்கள் கண், மூக்கு, வாய், நெற்றியில் வைத்த விபூதி எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றைக் கூட்டி 'இது இன்னார்' என்று சொல்லும் வேலைதான் நடப்பதில்லை. நம் ஊரில் இதை விளக்குவது சுலபம். ஈசூனிலோ அங் மோ கியோவிலோ ஏதாவது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைக்குள் போய் நில்லுங்கள். சுற்றிலும் புளோக்குகள். ஒவ்வொன்றிலும் சன்னல் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, துணி காயும் மூங்கில் கழி இருக்கிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் பக்கச் சுவரில் பெரிதாக எழுதிய எண்ணை ஒரு ராத்திரியில் யாரோ அழித்துவிட்டால், முதன்முறை வருகிற எத்தனை பேர் சரியான புளோக்குக்குப் போய்ச் சேருவார்கள்? எனக்கு மனிதர்கள் எண் அழித்த புளோக்குகள். அதுவும் ஒவ்வொரு நாளும் முதன்முறை வருகிறவனின் நிலை.

இது இரண்டு வழியாக வரும். பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ மூளையின் அடிப்புறத்தில், பெரும்பாலும் வலப்பக்கம், முகங்களுக்கென்று வேலை செய்யும் பகுதி சேதமாகி வருவது ஒன்று. எந்தக் காயமும் இல்லாமல் பிறவியிலேயே வருவது இன்னொன்று. என்னுடையது பிறவி வகை. இது குடும்பங்களில் தொடரும். நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெள்ளைக்காரர்களுக்கு வருகிற நோய் என்று நினைத்துவிட வேண்டாம், ஹாங்காங் மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்விலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான் வந்தது. 500 பேர் உட்காரும் உங்கள் அரங்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர். அதில் ஒருவன் நான். மீதி ஒன்பது பேர் யாரென்று எனக்கும் தெரியாது. தங்களுக்கு இது இருக்கிறதென்றே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கே 36 வயதில்தான் தெரிந்தது. அதுவரை நான் கவனமில்லாதவன், மரியாதை தெரியாதவன், கொஞ்சம் மந்தம் என்று மற்றவர்கள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

குடும்பங்களில் தொடரும் என்றேன். என் அம்மாவுக்கும் இது இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது கதாநாயகி ஒரு பாட்டில் மூன்று புடவை மாற்றினால் "இவ யாருடா புதுசா?" என்று மூன்று தடவை கேட்பார். நாங்கள் சிரிப்போம். ஆனால் அம்மாவுக்குத் தலைக்கனம் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஏனென்றால் அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தேக்கா சந்தைக்குள் நுழைந்தால் எதிரே வருகிற எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். மீன்காரர், முன்பின் தெரியாத பாட்டி, சுற்றுப்பயணி, யாராக இருந்தாலும் சரி. "சாப்ட்டீங்களா? வீட்ல எல்லாம் சௌக்கியமா?" இந்த இரண்டு கேள்வியை யாரிடமும் கேட்கலாம். பதிலில் வரும் குரலை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார். ஊரே அவரைத் தங்கமான மனுஷி என்றது. தங்கமான மனுஷிதான். ஆனால் சந்தையிலிருந்து வீடு திரும்பியதும் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆண்பிள்ளை எதிரே வருகிற எல்லாரையும் பார்த்துச் சிரித்தால் கதை வேறு மாதிரி போகும். அதனால் நான் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்து நடக்கப் பழகினேன்.

என் வாழ்நாளில் நான் நிம்மதியாக இருந்த இடம் தேசிய சேவை, அதாவது கட்டாய ராணுவச் சேவை, என்று சொன்னால் நண்பர்கள் நம்புவதில்லை. முதல் வாரம் கொடுமைதான். தெக்கோங் தீவில் இறங்கியதும் எல்லார் தலையையும் ஒட்ட வழித்துவிட்டார்கள். நான் ஆட்களைப் பிரித்தறிவதே முடியை வைத்துத்தான். ஒரே மொட்டை, ஒரே பச்சை உடை. பக்கத்துக் கட்டில்காரனிடம் ஒரே நாளில் மூன்று தடவை என்னை அறிமுகம் செய்துகொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன், எல்லார் மார்பிலும் பெயர் எழுதியிருந்தது. அன்றிலிருந்து ஓரிடத்திலும் தடுமாறவில்லை. சார்ஜண்ட் தூரத்தில் வரும்போதே பெயரைப் படித்துவிடுவேன். கூர்மையான பையன் என்று எனக்கு நல்ல பெயர். அந்த இரண்டு ஆண்டுகளும் என் மூளையில் ஒரு மாற்றமும் நடக்கவில்லை, மார்பில் ஒரு துண்டுத் துணி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மொட்டை விஷயம் பிற்பாடு வேறோர் இடத்தில் என்னைப் பிடித்தது. சொல்லலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா இறந்தபோது புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தோம். அவர் மகன், எனக்கு அண்ணன், கூடப் பிறந்தவன் மாதிரிதான். அடர்த்தியான சுருட்டை முடி, பெரிய மீசை. கூட்டத்தில் யாரைத் தவறவிட்டாலும் அவரை நான் தவறவிட்டதில்லை. இரவு முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலை விஷயமாக வெளிநாடு போயே ஆக வேண்டிய நிலை, மண்டாய் தகனச்சாலைக்கு என்னால் போக முடியவில்லை. திரும்பி வந்து பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். வாசலில் ஒருவர் நின்றிருந்தார், மொட்டைத் தலை, மழித்த முகம், வெள்ளை வேட்டி. கையைப் பிடித்துக்கொண்டு "வாடா" என்றார். கூட்டத்தின் இரைச்சலில் குரல் சரியாகக் காதில் விழவில்லை. யாரோ தூரத்து உறவு என்று நினைத்து, "அண்ணன் எங்கேங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"டேய். நான்தான்டா."

அவர் கோபப்படவில்லை. அது எனக்குத் தெரிந்தது. முகம் யாருடையது என்பதுதான் எனக்குத் தெரியாதே தவிர, அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்பது தெரியும். என்னைப் போன்ற பலருக்கும் அப்படித்தான். கோபம், வெட்கம், சந்தேகம் எல்லாம் படித்துவிடுவேன். அன்று அவர் முகத்தில் இருந்தது என்னவென்று எழுத மாட்டேன். பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "அவரு போனதும் உறவும் போச்சு."

அடுத்த வாரமே பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். எனக்கு ஞாபகமறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று பயம். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஞாபகச் சோதனைகளில் நல்ல மதிப்பெண். மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி, காயம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஓர் உளவியல் நிபுணர் கணினியில் ஒரு சோதனை வைத்தார். முடியெல்லாம் நீக்கிய, வெறும் முகங்கள். முதலில் ஆறு முகங்களைக் காட்டுவார்கள். பிறகு மூன்று மூன்றாக வரும், அதில் முன்பு பார்த்தது எது என்று சொல்ல வேண்டும். மொத்தம் 72 கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாலே 24 சரியாக அமைந்துவிடும். நான் கண்ணைத் திறந்துகொண்டு எடுத்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மருந்து உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். பயிற்சிகளால் சிலருக்குக் கொஞ்சம் பலன் கிடைக்கலாமாம்.

வெளியே வந்து கோப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பி ஓ குடித்தேன். அழவில்லை. அன்றைக்குப் போல நிம்மதியாக நான் உட்கார்ந்ததே இல்லை.

இந்த விஷயத்தில் பெரிய பெரிய ஆட்கள் எனக்குத் துணை இருக்கிறார்கள். சிம்பன்சிகளோடு காட்டில் வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் கூடாலுக்கு இது இருந்தது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கே இருந்தது. சக் குளோஸ் என்ற அமெரிக்க ஓவியர், ஆள் உயரத்தைவிடப் பெரிய முகங்களாக வரைந்தே புகழ்பெற்றவர், அவருக்கும் இருந்தது. உயிருள்ள முகம் அசைந்தால் அவருக்குப் பிடிபடாது, தட்டையான படமாக்கினால் பிடிபடுமாம். நடிகர் பிராட் பிட் தனக்கும் இது இருக்கலாம் என்று 2022-இல் சொன்னார். எவரும் நம்புவதில்லை, திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறார். ஹாலிவுட்டிலும் ஈசூனிலும் குற்றச்சாட்டு ஒன்றுதான் போல.

நம் கதைகளிலும் இதற்கு ஓர் ஆள் உண்டு. தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் நால்வரும் நளன் வடிவத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள் அல்லவா? ஐந்து நளன்கள், ஐந்தும் ஒரே முகம். அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். யாருடைய கால் தரையில் படுகிறது, யாருடைய கண் இமைக்கிறது, யாருடைய மாலை வாடியிருக்கிறது என்று பார்த்துத்தான் நளனைக் கண்டுபிடித்தாள். சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டபோது மற்றப் பிள்ளைகள் அவளுடைய சாமர்த்தியத்தை வியந்தார்கள். எனக்கு அதில் வியக்க ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. வேறு எப்படித்தான் ஒருவரைக் கண்டுபிடிப்பது?

நானும் தமயந்தி வழிதான். நடை, குரல், கைக்கடிகாரம், நெற்றிப் பொட்டின் அளவு, செருப்பு. என் மனைவியை எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அவள் நடக்கும் விதத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடப்பாள். மகள் விஷயம்தான் கஷ்டம். தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த முதல் வாரம் அழைத்துவரப் போனேன். ஒரே சீருடையில், ஒரே இரட்டைச் சடையில் நூறு பெண்பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு பிள்ளை என் பக்கமாக வந்தது. கையை நீட்டிவிட்டேன். அது என் மகள் இல்லை. அந்தப் பிள்ளையின் தாய் என்னைப் பார்த்த பார்வையையும், பாதுகாவலர் வேகமாக நடந்து வந்ததையும் நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அவர்கள்மீது தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்திருப்பேன். இப்போது மகள் பையில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு, என்னைக் கண்டதும் தூரத்திலேயே "அப்பா, நான்தான்" என்று கத்திக்கொண்டு வருவாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரே தடவை சொன்னதும் புரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழர்களை அடையாளம் தெரியாமல் போனால் எனக்குக் கிடைக்கும் பட்டம் தலைக்கனம். சீன, மலாய் சக ஊழியர்களைத் தெரியாமல் போனால் பேச்சு இனத்துக்குப் போய்விடுகிறது. "உனக்கு நாங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியறோமா?" என்று ஒரு சீனத் தோழி நேராகவே கேட்டார். பார்த்துப் பழகாத இனத்தவரின் முகங்களைப் பிரித்தறிவது மனிதர்கள் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் சிரமம், அதற்கு ஆய்வுகள் உண்டு. ஆனால் என் விஷயம் அதுவல்ல. "என் அண்ணனையே எனக்குத் தெரியவில்லை" என்று அந்தப் பதினாறாம் நாள் கதையைச் சொன்னேன். அன்று முதல் அவர் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் பேசத் தொடங்குவார். பல இனக் கொள்கையை என் மூளை அளவுக்குக் கறாராகக் கடைப்பிடிக்கும் மூளை இந்தத் தீவில் இருக்காது. எல்லா இனத்தாரும் எனக்குச் சமமாகத் தெரியாதவர்கள்.

இதற்கிடையில் நாடு முழுவதும் இயந்திரங்கள் முகம் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் செயலியில் முகத்தைக் காட்டினால் போதும், திறந்துவிடுகிறது. சாங்கி விமான நிலையத்தில் கடப்பிதழை வெளியே எடுக்காமலே முகத்தையும் கருவிழியையும் காட்டிக் கடந்துபோகலாம். அந்தக் கண்ணாடித் தடுப்பு என்னை ஒரு நொடியில் அடையாளம் கண்டு வழிவிட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னை அழைத்துப்போக வந்து நின்ற மாமாவை நான் கடந்து போய்விட்டேன்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். அதற்கு 2020-ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 14 முதல் வெளியே போனால் முகக்கவசம் கட்டாயம் என்றானது. எல்லாரும் மூச்சு முட்டுகிறது என்று புலம்பினார்கள். எனக்கு அது பொற்காலம். ஏனென்றால் திடீரென்று மொத்த நாட்டுக்கும் என் நிலைமை வந்துவிட்டது. மின்தூக்கியில் ஏறுகிறவர், "அண்ணே, நான்தான் பத்தாவது மாடி, மாஸ்க் போட்டிருக்கேன்ல, தெரியல பாருங்க" என்று தானாகவே சொன்னார். கோயிலில், கடையில், இணையம் வழி நடந்த கூட்டங்களில், எங்கேயும் ஆட்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொன்னார்கள். இணையக் கூட்டத்தில் ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் பெயர் வேறு போட்டிருந்தது, கேட்கவே வேண்டாம். எவருக்கும் அதனால் கௌரவம் குறையவில்லை. "என்னைத் தெரியலையா?" என்று எவரும் கோபித்துக்கொள்ளவில்லை. 2022 ஆகஸ்ட் 29 முதல் பெரும்பாலான உள்ளரங்கங்களிலும் கவசத்தைக் கழற்றலாம் என்றானது. முதல் கல்யாணத்திலேயே ஒரு மாமா என் தோளில் தட்டி, "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்!" என்றார்.

இந்த விளையாட்டை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். அன்பினால் கேட்கிறீர்கள் என்று தெரியும். சின்ன வயதில் தூக்கி வளர்த்த பிள்ளை நம்மை ஞாபகம் வைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஆசை. ஆனால் கேட்கப்பட்டவனுக்கு அது நூறு பேர் முன்னால் நடக்கும் வாய்மொழித் தேர்வு. பத்துப் பேரில் ஒருவர் விடையைத் தானே சொல்லிவிட்டு, "சிராங்கூன் ரோட்டுல கடை வச்சிருந்தேனே, அந்த மாமாடா" என்று அணைத்துக்கொள்வார். அந்த ஒருவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பெரியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொள்வது நம் பழக்கத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், உறவு முறையைச் சொல்லுங்கள். "உங்க அம்மாவோட சின்ன அத்தை", "தாளாளர் வீட்டு மூத்த மருமகள்" போதும், நான் பிடித்துக்கொள்வேன். நம் மொழி இந்த விஷயத்தில் என்னிடம் இரக்கமாக நடந்துகொள்ளும் மொழி. பெயர் தெரியாவிட்டாலும் அண்ணே, அக்கா, ஐயா என்று ஓட்டிவிடலாம். இந்த ஊரில் அங்கிள், ஆன்ட்டி என்று இரண்டு சொற்கள் மட்டும் இல்லாதிருந்தால் நான் எப்போதோ வேறு நாட்டுக்குக் குடிபோயிருப்பேன். அறிமுகம் என்ற சொல்லையே பாருங்கள். முகத்தை அறிவது. அதை ஒருவருக்கு ஒரே தடவைதான் செய்வது என்று வழக்கம் வைத்திருக்கிறோம். எனக்கு ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் கேட்கிறேன்.

அடுத்தது பெயர்ச்சீட்டு. இப்போதும் பெரிய நிகழ்ச்சிகளில் கழுத்துப் பட்டையில் அட்டை தருகிறீர்கள். நன்றி. ஆனால் அமைப்பின் சின்னம் அரை அட்டைக்கு, ஆதரவாளர்களின் பெயர்கள் கால் அட்டைக்கு, மிச்சத்தில் எறும்பு எழுத்தில் ஆளின் பெயர். அதைப் படிக்க நான் ஒரு பெண்மணியின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இது எவ்வளவு தர்மசங்கடம் என்று நீங்களே யோசியுங்கள். போதாததற்கு அந்த அட்டை எப்போதும் திரும்பி, வெள்ளைப் பக்கத்தைத்தான் காட்டும். அதனால் பட்டை வேண்டாம். மார்பில் ஒட்டுகிற சீட்டு போதும். தமிழில், ஒரு விரல் உயர எழுத்தில், கறுப்பு மையில் பெயர் மட்டும். தலைவர், துணைத்தலைவர் எல்லாருக்கும். முக்கியமாகத் தலைவருக்கு. "அவரைத்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்று அவருக்கு மட்டும் ஒட்டாமல் விட்டுவிடுகிறீர்கள். நான் போய் அவரிடமே தலைவர் வந்தாச்சா என்று கேட்டுவைக்கிறேன்.

வார இறுதித் தமிழ் வகுப்பும் பிள்ளைகள் முகாமும் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. விளையாட்டு இடைவேளையில் தன் குழுவை விட்டுவிட்டு வேறு குழுவோடு போய் நிற்கிற பிள்ளை, நேற்றைய நண்பனிடம் இன்று பேசாத பிள்ளை, ஆசிரியர் முடி வெட்டிக்கொண்டு வந்த நாளில் மிரண்டு நிற்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். கூச்சம், அடம், கவனக்குறைவு என்று எழுதி வைப்பதற்குமுன், நண்பர்களின் குரலை மட்டும் கேட்டால் அடையாளம் சொல்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஏழு வயதில் யாராவது அதைப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோய் என்று முத்திரை குத்தச் சொல்லவில்லை, பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

பொருளாளர் அக்காவிடம் நான் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தேக்காவில் தற்செயலாகப் பார்த்து அல்ல, அது என்னால் முடியாது, தொலைபேசியில் அழைத்து, அலுவலகத்துக்கே போய். அவர் முதலில் நம்பவில்லை. தன் கைப்பேசியில் குழுப் படம் ஒன்றை எடுத்து, "இதில் நான் எங்கே?" என்று கேட்டார். தேடினேன். தங்க விளிம்புக் கண்ணாடியைப் பார்த்து ஒருவரைக் காட்டினேன். அது அவருடைய தங்கையாம். "சரி, இதில் நீங்க எங்கே?" என்றார். அதற்கும் சட்டையைத்தான் தேடினேன், நீலக் கட்டம் போட்டது. அப்புறம் அவர் சிரித்தார், இந்தத் தடவை நானும்.

வரும் ஏப்ரல் நிகழ்ச்சிக்கு மறுபடியும் என்னைப் பதிவு மேசையில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாற்காலி அடுக்க வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுச்சீட்டு 600 வாங்கி வைத்துவிட்டேன், தடித்த கறுப்பு மார்க்கர் பேனா ஐந்து. செலவை அமைப்பின் கணக்கில் சேர்க்க வேண்டாம், ரசீது கேட்டு அக்காவைத் தொந்தரவு செய்ய மாட்டேன். வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு நானே எழுதி ஒட்டுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தமிழாசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஆசிரியர் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு தொண்டூழியன்

பி.கு.: அண்ணனுக்கு முடி வளர்ந்துவிட்டது. மீசையை மட்டும் அண்ணி வேண்டாம் என்கிறாராம். எடுப்பதாக இருந்தால் முதல்நாளே எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.